போட் மோட்டாருக்கு எந்த ஆயில்? டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

படகின் பின்புறம் மாட்டும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஆயில் வந்துவிடும். "பைக்குக்கு வாங்கின 2டி ஆயில் மீதி கிடக்கு, அதையே ஊத்தலாமா?" "மோட்டார் கம்பெனி பேர் போட்ட ஆயில்தான் ஊத்தணுமா?" "சிந்தெடிக் வாங்கினா பாதி அளவு போதுமாமே?" "பக்கத்துப் படகுக்காரர் பல வருஷமா சாதா இன்ஜின் ஆயில்தான் ஊத்துறார், அவர் மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஓடும். தப்பான ஆயில் ஊற்றிய அன்றைக்கே மோட்டார் நின்றுவிட்டால் யாரும் இரண்டாவது முறை ஊற்றமாட்டார்கள். அது மெதுவாகத்தான் வேலையைக் காட்டும்: முதலில் பிளக் அடிக்கடி கறுக்கும், அப்புறம் ஸ்லோவில் ஓடாமல் அணைந்துபோகும், அப்புறம் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டு கம்ப்ரெஷன் இறங்கும். அதற்குள் ஆயிலை மறந்து கார்பரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்போம்.

மற்ற கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் இல்லை. உங்கள் மோட்டார் எந்த வகை என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். அதனால் எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

## இந்த ஆயிலுக்கு இரண்டு வேலை

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் அடித்தொட்டியில் கிடந்து சுற்றிச் சுற்றி வரும். அழுக்கானால் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவோம். டூ ஸ்ட்ரோக்கில் அந்த வசதி கிடையாது. பெட்ரோலும் காற்றும் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகின்றன. போகிற வழியில் பெட்ரோல் ஆவியாகிவிட, கூட வந்த ஆயில் கிராங்க் பேரிங்கிலும் கனெக்டிங் ராடிலும் சிலிண்டர் சுவரிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. கடைசியில் அதுவும் மேலே போய் எரிந்து வெளியேறுகிறது.

இருக்கும்வரை உராய்வைத் தடுக்க வேண்டும், போகும்போது மிச்சம் வைக்காமல் எரிந்துபோக வேண்டும். முதல் வேலையை ஏறக்குறைய எல்லா ஆயிலும் ஓரளவு செய்துவிடும். வம்பெல்லாம் இரண்டாவதில்தான்.

அவுட்போர்டில் இந்த இரண்டாவது வேலை ஏன் தனி மாதிரியானது? மூன்று காரணங்கள். ஒன்று, மோட்டார் வெளித் தண்ணீரை இழுத்துக் குளிர்கிறது. தெர்மோஸ்டாட் 60 டிகிரி வாக்கில் திறக்கும் மோட்டார்கள் நிறைய. காற்றில் குளிரும் பைக், செயின்சா இன்ஜின்களோடு ஒப்பிட்டால் இது சில்லென்று ஓடும் இன்ஜின். இரண்டு, சுமை. பைக் மேடு ஏறும், இறங்கும், சிக்னலில் நிற்கும். படகுக்கு எப்போதும் மேடுதான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். 5,000 சுற்றுக்கு மேல் முழு த்ராட்டிலில் மணிக்கணக்கில் ஓடுவது இதற்குச் சாதாரணம். மூன்று, ஈரம். உப்புக்காற்றில் நாள்கணக்கில் சும்மா நிற்கும்போது உள்ளே இருக்கும் ஊசி பேரிங்குகளைத் துரு பிடிக்காமல் காப்பதும் அந்த மெல்லிய ஆயில் படலம்தான்.

## எடைபோடும் அளவுகோல்கள்

சாம்பல். பைக் ஆயிலில் கரியைக் கழுவ கால்சியம் போன்ற உலோகச் சேர்மானங்களைப் போடுவார்கள். மிகுந்த சூட்டில் அவை நன்றாக வேலை செய்யும். ஆனால் எரிந்தபின் சாம்பல் விடும். அவுட்போர்டில் அந்தச் சாம்பல் பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் படியும். முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது படிந்த துணுக்கு கங்காகச் சிவந்து, பிளக் பொறி வருவதற்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் காரணங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் அவுட்போர்டு ஆயிலில் உலோகம் இல்லாத, நைட்ரஜன் சார்ந்த அழுக்கு நீக்கிகளைச் சேர்க்கிறார்கள். குறைந்த சூட்டில் இவைதான் கெட்டிக்காரர்கள்.

துரு தடுப்பு. அதிகம் ஓட்டாதவர்களுக்கு இதுதான் முதல் அளவுகோல். வாரத்துக்கு ஒருமுறை ஓட்டும் மோட்டார் தேய்ந்து சாவதைவிடத் துருப்பிடித்துச் சாவதற்கே வாய்ப்பு அதிகம்.

கலக்கும் தன்மை. பெட்ரோலில் ஊற்றியதும் கரைய வேண்டும், அடியில் தங்கக் கூடாது. ஆயில் பம்ப் உள்ள மோட்டாரில் மெல்லிய குழாய் வழியே குளிரிலும் ஓட வேண்டும். அவுட்போர்டு ஆயில்களில் இதற்காகவே ஓரளவு கரைப்பான் சேர்த்திருப்பார்கள். ஆயில் தண்ணியாக இருக்கிறதே என்று சிலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அது கலப்படம் இல்லை, வேண்டுமென்றே செய்தது.

புகையும் வாடையும். பயணம் சுகமாக இருக்க இது முக்கியம். மோட்டாரின் ஆயுளுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு.

மொத்தச் செலவு. டப்பா விலையைத் தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம். 50:1 விகிதத்தில் 100 லிட்டர் பெட்ரோலுக்கு 2 லிட்டர் ஆயில் போதும். ஆயிலின் விலை பெட்ரோலைப் போல நான்கு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 100 லிட்டருக்கு ஆகும் ஆயில் செலவு 8 லிட்டர் பெட்ரோல் விலைக்குச் சமம். அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள ஆயில் வாங்கினால் இன்னொரு 8 லிட்டர் கூடும். படகின் அடியில் பாசி பிடித்திருந்தால் அது இதைவிட அதிகமாகக் குடித்துவிடும். பிளக், கரி நீக்கும் கூலி, நடுக்கடலில் நின்றுபோய் வீணாகும் நாள், இவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அளவுகோல்களில் பலவற்றை ஒரே முத்திரைக்குள் அடக்கியதுதான் டிசி-டபிள்யூ3 (TC-W3). அமெரிக்காவின் படகுத் தொழில் சங்கமான என்.எம்.எம்.ஏ. தரும் சான்று இது. "டபிள்யூ" என்பது தண்ணீரில் குளிரும் இன்ஜினைக் குறிக்கும்; "3" என்பது தரத்தின் மூன்றாவது தலைமுறை. அதற்கு முன் டிசி-டபிள்யூ, டிசி-டபிள்யூ2 என்று இருந்தன, இப்போது அவை வழக்கொழிந்துவிட்டன. இந்தச் சான்றுக்காக உராய்வு, துரு, கலக்கும் தன்மை, ரிங் ஒட்டுதல், முன்கூட்டிப் பற்றுதல் எல்லாவற்றையும் சோதிப்பார்கள்; அதில் ஒரு பகுதி உண்மையான அவுட்போர்டு மோட்டார்களில் ஓட்டிப் பார்ப்பது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சான்று பெற்ற ஆயிலில் ஆங்கில "ஆர்எல்" (RL) எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாமல் "டிசி-டபிள்யூ3 தரத்துக்கு இணையானது" என்று மட்டும் போட்டிருந்தால், அந்த வாக்கியத்தை எழுதியவர் ஆயில் தயாரித்தவரேதான்.

## ஒரே பார்வையில்

| ஆயில் | சாம்பல் | துரு தடுப்பு | புகை | எந்த மோட்டாருக்கு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|---|
| மினரல் டிசி-டபிள்யூ3 | இல்லை என்றே சொல்லலாம் | நன்று | அதிகம் | கார்பரேட்டர் அவுட்போர்டு | ஸ்லோவில் அதிகம் ஓடினால் பிளக், கரி |
| செமி / ஃபுல் சிந்தெடிக் டிசி-டபிள்யூ3 | இல்லை என்றே சொல்லலாம் | நன்று | குறைவு | கார்பரேட்டர், ஆயில் பம்ப் மோட்டார் | விலை. அளவைக் குறைக்கத் தூண்டும் ஆசை |
| மோட்டார் கம்பெனி ஆயில் | இல்லை என்றே சொல்லலாம் | நன்று | ரகத்தைப் பொறுத்தது | வாரன்டியில் உள்ள மோட்டார் | பெயருக்குத் தரும் கூடுதல் விலை |
| டைரக்ட் இன்ஜெக்‌ஷன் ஆயில் | மிகக் குறைவு | நன்று | மிகக் குறைவு | டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மோட்டார் | எங்கும் கிடைக்காது |
| பைக் 2டி (ஜாசோ எஃப்சி, எஃப்டி) | உண்டு | அவுட்போர்டுக்கெனச் சோதித்ததில்லை | குறைவு | காற்றில் குளிரும் இன்ஜின் | பிளக், ரிங், மோசமானால் பிஸ்டன் |
| ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில் | அதிகம் | இந்த வேலைக்கு உருவானதில்லை | அதிகம் | எதற்கும் வேண்டாம் | மேலே சொன்ன அனைத்தும் |

## மினரல் டிசி-டபிள்யூ3

கார்பரேட்டர் வைத்த பழைய மோட்டார், பெட்ரோலில் கையால் கலந்து ஊற்றும் பழக்கம், பெரும்பாலும் நடுத்தர வேகத்துக்கு மேல் ஓட்டம் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. மோட்டார் பழசாக இருக்கலாம்; அது வெளிவந்த காலத்தில் இருந்த எந்த ஆயிலையும்விட இன்றைய சாதாரண டிசி-டபிள்யூ3 மேல்.

இதன் குறை புகை. காலையில் ஸ்டார்ட் செய்தால் படகுத்துறையே மறையும். இன்னொன்று, வலை இழுக்கவும் தூண்டில் போடவும் மணிக்கணக்கில் ஸ்லோவில் ஓட்டுபவர்களுக்கு இதில் கரி சற்று வேகமாகச் சேரும். அப்படி ஓட்டுபவர்கள் திரும்பி வரும்போது பத்து நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட்டிவருவது பிளக்குக்கு நல்லது.

## செமி சிந்தெடிக், ஃபுல் சிந்தெடிக்

இந்தப் பெயர்கள் அடிப்படை எண்ணெய் எதிலிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்கின்றன: கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுத்தது மினரல், ஆலையில் உருவாக்கியது சிந்தெடிக், இரண்டும் கலந்தது செமி. அவுட்போர்டுக்குப் பொருந்துமா என்பதை அவை சொல்லவே சொல்லாது. பைக் பந்தயத்துக்கென வரும் உயர்ந்த சிந்தெடிக் ஆயிலில் டிசி-டபிள்யூ3 இல்லாமல் இருக்கலாம். மலிவான மினரல் ஆயிலில் இருக்கலாம். அவுட்போர்டில் இரண்டாவதுதான் ஜெயிக்கும்.

இரண்டுமே டிசி-டபிள்யூ3 என்றால்? அப்போது சிந்தெடிக்கில் லாபம் உண்டு. புகையும் வாடையும் குறையும், எக்ஸாஸ்ட் துவாரத்தில் கரி குறையும், ரிங் நீண்ட நாள் சுதந்திரமாக அசையும். புகை குறைவதில் ஒரு பங்கு பாலிஐசோபியூட்டிலீன் என்ற சேர்மானத்துக்குச் சேரும். செமி சிந்தெடிக்கிலேயே இதைச் சேர்ப்பதுண்டு. புகைக்காக மட்டும் மாற நினைப்பவர் நேராக ஃபுல் சிந்தெடிக்குக்குத் தாவ வேண்டியதில்லை.

என் கணக்கில் செமி சிந்தெடிக்தான் பெரும்பாலானவர்களுக்கு நல்ல நடுவழி. ஃபுல் சிந்தெடிக் கொடுக்கும் கூடுதல் பலனை முழுசாக அனுபவிப்பவர்கள் தினமும் நீண்ட நேரம் ஓட்டுபவர்கள்.

இதில் ஒளிந்திருக்கும் செலவு ஆசை. "சிந்தெடிக்தானே, 100:1 போதும்" என்று அளவைப் பாதியாக்கினால், அதிக விலை கொடுத்து வாங்கிய ஆயிலின் பலன் அங்கேயே கரைந்துவிடும். விகிதத்தை ஆயில் டப்பா முடிவு செய்யக் கூடாது, மோட்டாரின் கையேடு முடிவு செய்ய வேண்டும்.

## மோட்டார் கம்பெனி பெயர் போட்ட ஆயில்

மோட்டார் கம்பெனிகளின் பெயரில் வரும் ஆயில் பெரும்பாலும் நல்ல டிசி-டபிள்யூ3 ஆயில்தான். அந்தப் பெயர் இல்லாத, அதே சான்று பெற்ற ஆயிலைக் கார்பரேட்டர் மோட்டாரில் ஊற்றினால் ஒன்றும் ஆகாது.

இதை எப்போது வாங்கலாம்? வாரன்டி ஓடிக்கொண்டிருக்கும்போது. கோளாறு வந்தால் "என்ன ஆயில் ஊற்றினீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும், கம்பெனி ஆயில் என்றால் அங்கே வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் போகும். ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள். வாரன்டி முடிந்த பிறகு பதிவு எண் பார்த்து எதை வேண்டுமானாலும் வாங்கலாம்.

## மீதி கிடக்கும் பைக் 2டி ஆயில்

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஜாசோ என்பது ஜப்பானியத் தர அமைப்பு. அதன் டூ ஸ்ட்ரோக் தரங்கள் எஃப்பி, எஃப்சி, எஃப்டி என்று ஏறுமுகமாகப் போகும். எஃப்சியில் புகை குறைவு. எஃப்டியில் அதோடு கரியைக் கழுவும் திறனும் கூடும். ஐ.எஸ்.ஓ.வின் ஈஜிபி, ஈஜிசி, ஈஜிடி ஆகியவையும் ஏறக்குறைய இதே வரிசைதான். எல்லாம் நல்ல தரங்கள். ஆனால் காற்றில் குளிரும், சூடாக ஓடும் இன்ஜின்களை மனதில் வைத்து வகுத்தவை. எஃப்டி போட்டிருப்பதால் டிசி-டபிள்யூ3ஐவிட உயர்வு என்று நினைப்பது, கம்பளி விலை அதிகம் என்பதால் வெயிலுக்கு அதைப் போர்த்திக்கொள்வது போலத்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு சீசன் முழுக்க பைக் ஆயில் ஊற்றி ஓட்டினார். நல்ல ஆயில், நல்ல பெயர். நான்காவது மாதம் மோட்டார் ஒரு சிலிண்டரில் விட்டு விட்டு ஓடியது. பிளக்கைக் கழற்றினால் இரண்டு முனைகளுக்கும் நடுவே வெண்சாம்பல் பாலம் கட்டியிருந்தது. துடைத்துப் போட்டதும் ஓடியது; பத்து நாளில் மறுபடி பாலம். ஆயிலை மாற்றிய பிறகுதான் அது நின்றது. அவருக்கு அதிர்ஷ்டம், பிளக்கோடு போயிற்று.

அப்படியானால் ஒருபோதும் ஊற்றக் கூடாதா? நடுத்தண்ணீரில் ஆயில் தீர்ந்துபோய், பைக் ஆயில் மட்டும்தான் இருக்கிறதென்றால் தயங்காமல் ஊற்றுங்கள். ஆயிலே இல்லாமல் ஓட்டுவதைவிடப் பல மடங்கு மேல். முழு த்ராட்டிலைத் தவிர்த்து, நிதானமாக ஓட்டிக் கரை சேருங்கள். ஒரு டாங்க் மோட்டாரைக் கொல்லாது.

தலைகீழான தவறும் உண்டு. மீந்துபோன டிசி-டபிள்யூ3ஐ செயின்சாவிலும் புல்வெட்டியிலும் ஊற்றுவார்கள். அந்த இன்ஜினின் சூட்டில் உலோகமில்லாத அழுக்கு நீக்கி தாக்குப்பிடிக்காது; பிஸ்டனில் அரக்கு மாதிரி படிந்துவிடும்.

இரண்டு விதிவிலக்குகளைச் சொல்லியாக வேண்டும். சில சிறிய படகு மோட்டார்கள் காற்றில் குளிர்பவை. மோட்டார் படகில் இருந்தாலும் அதற்குப் பைக் வகை ஆயில்தான் பொருத்தம். இன்னொன்று வாட்டர் ஸ்கூட்டர். தண்ணீரில் குளிர்ந்தாலும் சூடாகவும் முறுக்கமாகவும் ஓடும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கள் அவற்றில் உண்டு. ரோட்டாக்ஸ் இன்ஜின் வைத்த பழைய சீ-டூ மாடல்களில் டிசி-டபிள்யூ வகையே வேண்டாம் என்று தயாரிப்பாளரே எச்சரித்திருக்கிறார். தண்ணீரில் ஓடுகிறது என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா கிடையாது.

## டைரக்ட் இன்ஜெக்‌ஷன் மோட்டாரா? தேர்வு உங்களிடம் இல்லை

எவின்ரூட் இ-டெக், மெர்க்குரி ஆப்டிமேக்ஸ், யமஹா எச்.பி.டி.ஐ., டோஹட்சு டி.எல்.டி.ஐ. ஆகியவற்றில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ஆயில் தனியாகப் பம்ப் மூலம், மிகக் குறைந்த அளவில் கிராங்க் கேஸுக்குப் போகிறது. கொஞ்சம் ஆயிலை வைத்து நிறைய வேலை வாங்கும் ஏற்பாடு இது. இங்கே கையேடு எந்த ரகம் சொல்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள்.

இ-டெக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸ்டி100 என்ற உயர்ந்த ஆயிலுக்கு ஏற்றபடி மோட்டாரின் கணினியை அமைத்துவிட்டால் அது வழக்கத்தைவிடக் குறைந்த அளவு ஆயிலைத்தான் விடும். அப்படி அமைத்த மோட்டாரில் சாதா டிசி-டபிள்யூ3 ஊற்றினால் சாதா ரக ஆயில், அதுவும் குறைந்த அளவில் என்றாகிவிடும். பழைய இ-டெக் வாங்குபவர்கள் இந்த அமைப்பு எதில் இருக்கிறது என்று கேட்காமல் ஆயில் வாங்காதீர்கள். எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பு 2020இல் நின்றுவிட்டது. இப்போது கைமாறுபவை எல்லாம் பழையவைதான்.

## இன்ஜின் ஆயில், ஆமணக்கெண்ணெய்

20டபிள்யூ-40 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் எரிவதற்கென்று உருவானதே இல்லை. அதில் துத்தநாகமும் கால்சியமும் தாராளம். பெட்ரோலில் சரியாகக் கரையாது. டாங்க் அடியில் தங்கி, ஒரு நேரம் ஆயில் அதிகமாகவும் இன்னொரு நேரம் இல்லாமலும் போகும். வடித்தெடுத்த பழைய ஆயிலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள்; அதில் உலோகத் துகளும் சேர்ந்துவிடும்.

ஆமணக்கெண்ணெய்க்குப் பந்தய உலகில் ஒரு பழைய மரியாதை உண்டு. கடும் சூட்டிலும் படலம் அறுந்துபோகாது. ஆனால் பிசினாகப் படியும், பெட்ரோலிலிருந்து பிரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் இன்ஜினைப் பிரித்துக் கழுவுபவர்களுக்கு அது பரவாயில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு: மோட்டாரின் அடியில் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள கியர் பெட்டிக்கு ஊற்றுவது கியர் ஆயில். இரண்டு டப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அவசரத்தில் மாறும்.

## மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்

பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார்கள் தனி ரகம். மண்ணெண்ணெய் எண்ணெய்ப்பசையாக இருப்பதால் ஆயில் குறைவாகப் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நடப்பது நேர்மாறு. மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாததால் ஆயில் படலத்தைக் கரைத்துக் கழுவிவிடும். கரியும் அதிகம் சேரும். டிசி-டபிள்யூ3 இங்கே இன்னும் அவசியம்; கையேட்டில் மண்ணெண்ணெய்க்கெனத் தனி விகிதம் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டினால் அடுத்த ஸ்டார்ட் சுலபம், கிராங்க் கேஸில் நல்ல படலமும் தங்கும்.

## விகிதம்: ஆயில் ரகத்தைவிட மோட்டார்களை அதிகம் கெடுப்பது

சரியான ஆயிலை வாங்கித் தப்பாக அளப்பவர்கள், தப்பான ஆயிலை வாங்குபவர்களைவிட அதிகம் என்பது நான் கண்டது. கணக்கு எளிது: 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. 100:1 என்றால் 10 மில்லி. 25:1 என்றால் 40 மில்லி. 25 லிட்டர் டாங்குக்கு 50:1இல் அரை லிட்டர்.

புது மோட்டாரை முதல் சில மணி நேரம் பழக்கும்போது பல கையேடுகள் ஆயிலை இரட்டிப்பாகக் கேட்கும். 1960களுக்கு முந்தைய பழைய மோட்டார்கள் சிலவற்றில் ஊசி பேரிங்குக்குப் பதிலாக வெண்கலப் புஷ் இருக்கும். அவை 24:1, 16:1 என்றெல்லாம் கேட்கும். இன்றைய ஆயில் நல்லது என்பதால் அவற்றுக்கு 50:1 போதும் என்று நினைத்துவிடாதீர்கள். புஷ்ஷுக்கு வேண்டியது ஆயிலின் அளவு.

100:1 விவகாரம் புதிதும் இல்லை. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களைத் தயாரித்த ஓ.எம்.சி. 1980களின் நடுவில் 100:1 போதும் என்று சொல்லி, பிறகு 50:1க்கே திரும்பியது. வேறு சில கம்பெனிகளின் சில மாடல்களுக்குக் கையேட்டிலேயே 100:1 இருக்கும். அவற்றில் அதுவே சரி. ஆயில் குறைந்த கலவையின் ஆபத்து ஓடும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். பேரிங்கில் தங்கும் படலம் மெலிசாக இருக்கும். ஒரு மாதம் ஈரக்காற்றில் நின்றால் துரு அங்கேதான் தொடங்கும்.

"பயமா இருக்கு, கொஞ்சம் கூடவே ஊத்திடுறேன்" என்பவர்களுக்கு: ஆயில் கூடினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும். 50:1இலிருந்து 25:1க்குப் போனால் பெட்ரோல் ஏறக்குறைய 2 சதவீதம் குறைந்து, சிலிண்டருக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவை அந்த அளவுக்கு மெலியும். அது பெரிய ஆபத்தில்லை. ஆனால் கரியும் புகையும் பிளக் செலவும் நிச்சயம்.

நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். டாங்கில் பாதிக் கலவை இருந்தது. மேலே பெட்ரோல் நிரப்பிவிட்டு முழு டாங்குக்கான ஆயிலை ஊற்றினேன். அன்று முழுக்கப் புகை, மறுநாள் இரண்டு பிளக் குப்பையில். அதிலிருந்து முதலில் புதிதாக வாங்கிய பெட்ரோல் எத்தனை லிட்டர் என்று டாங்க் மேலேயே பென்சிலில் எழுதிவிட்டுத்தான் ஆயில் மூடியைத் திறக்கிறேன்.

## கையால் கலப்பதா, பம்ப்பை நம்புவதா

கையால் கலந்தால் எல்லா வேகத்திலும் ஒரே விகிதம். ஸ்லோவில் அது தேவைக்கு அதிகம். அதனால்தான் ஸ்லோவில் அவ்வளவு புகை. ஆயில் பம்ப் உள்ள மோட்டார் வேகத்துக்குத் தகுந்தபடி அளவை மாற்றும். ஸ்லோவில் மிகக் குறைவு, முழு வேகத்தில் 50:1 அளவுக்கு வரும். ஆயில் மிச்சம், புகை குறைவு, கணக்குப் போடும் வேலை இல்லை.

பதிலுக்கு ஒரு பயம் கூட வருகிறது. பம்ப் நின்றுபோனாலோ குழாயில் காற்று அடைத்தாலோ மோட்டார் சத்தமில்லாமல் காய்ந்து ஓடும், எச்சரிக்கை மணியும் கெட்டிருந்தால் பிஸ்டன் பிடித்த பிறகுதான் தெரியும். பழைய மோட்டார் வாங்கினாலும், பம்ப்பில் கை வைத்தாலும், முதல் டாங்க் பெட்ரோலில் 50:1 கலந்து ஓட்டுங்கள். பம்ப்புக்கு ஆயில் போகும் தொட்டியின் வெளியே டேப் ஒட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு இறங்கினால் பம்ப் வேலை செய்கிறது.

அந்தத் தொட்டியில் டிசி-டபிள்யூ3 அல்லாத எதையும் கலக்காதீர்கள். சான்று பெற்ற ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்க வேண்டும் என்பது சோதனையிலேயே உண்டு. வேறு ரகம் சேர்ந்தால் கூழாகி வடிகட்டியை அடைக்கக்கூடும். அதேபோல நீலம், பச்சை, சிவப்பு என்ற நிறத்தையும் நம்ப வேண்டாம். பெட்ரோலில் ஆயில் கலந்தாயிற்றா என்று பார்த்ததும் தெரிவதற்காகச் சேர்க்கும் சாயம் அது.

## உங்கள் நிலைமைக்கு எது

- கார்பரேட்டர் மோட்டார், வேகமாக ஓட்டம், செலவு முக்கியம்: பதிவு எண் உள்ள மினரல் டிசி-டபிள்யூ3.
- மணிக்கணக்கில் ஸ்லோ, மூடிய ஓடையிலோ ஏரியிலோ ஓட்டம், புகை தாங்கவில்லை: செமி சிந்தெடிக் டிசி-டபிள்யூ3.
- தினமும் தொழில், நாளுக்குப் பல மணி நேரம்: ஃபுல் சிந்தெடிக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்தது, விகிதத்தைக் குறைக்காமல்.
- வாரன்டி உண்டு: கம்பெனி ஆயில், ரசீதோடு.
- டைரக்ட் இன்ஜெக்‌ஷன்: கையேடு சொல்வது மட்டும்.
- மாதத்துக்கு ஒருமுறைதான் ஓட்டுகிறேன்: எந்த டிசி-டபிள்யூ3ஆனாலும் சரி, நிறுத்தி வைக்கும் முன், இன்ஜினின் உட்புறத்தைத் துருவிலிருந்து காக்கும் ஃபாகிங் ஆயில் தெளிப்பதில் கவனம் வையுங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், குறிப்பாக எத்தனால் கலந்ததை. அது ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரித்துவிடும், எவ்வளவு உயர்ந்த ஆயிலாலும் அதைத் தடுக்க முடியாது.

ஆயில் மாற்றினால் ஒரே நாளில் வித்தியாசம் தேடாதீர்கள். புதுப் பிளக் போட்டு, பத்து மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள். இளம் காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரியான பாதை. ஈரமான கறுப்பு என்றால் ஆயில் அளவையும் கார்பரேட்டரையும் பாருங்கள். வெண்சாம்பல் பொறுக்கு கட்டியிருந்தால், டப்பாவை மறுபடி எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள்.